‘வெயிட்’ என்றால் எவ்வளவு நேரம்

என் மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் பள்ளிக்கூடத்தின் இரும்பு கேட்டும் அதை ஒட்டி ஒரு சைப்ரஸ் மரமும் தெரியும். மூடுபனி இறங்கும் நாட்களில் அந்த மரத்தடியில் ஒருத்தி நிற்பாள். நீலச் சேலை, தலையில் முக்காடு, கையில் மஞ்சள் பை. எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மரம் மட்டும்தான் இருக்கும். “ஏனுங்க மேடம், அந்தக் கண்ணாடிய எத்தன வாட்டி தொடைப்பீங்க?” என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். தூசி என்பேன். ஊட்டி மழைக்காலத்தில் ஏது தூசி? ஆனால் அவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். என் வாய்க்கு இந்த ஆபீஸே பயப்படும்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தால்கூடத் தேவலை, வேப்பிலை அடித்து ஓட்டிவிடலாம். என்னைப் பிடித்திருப்பது நானே சொல்லிக்கொடுத்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதை ஓட்டுவதற்கு எந்தப் பூசாரியிடம் போவது?

தேயிலை விலை விழுந்த காலம் அது. நடுவட்டத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் என் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். முதலில் வாரத்தில் மூன்று நாள் வேலை என்றார்கள், பிறகு இரண்டு நாள். கடைசியில் ஃபேக்டரி கதவிலேயே பூட்டுத் தொங்கியது. பறிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து மரமாகிவிட்டன. இடுப்பளவுச் செடியையே பார்த்துப் பழகிய எங்களுக்கு அதற்குள் நடந்து போகவே பயமாக இருக்கும். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதாததால் எங்கள் அம்மாவுக்கு எப்போது உலை வைப்பது என்றே தெரியாமல் போய்விட்டது.

நான் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டியில் காட்டேஜ்களிலும் ஹாஸ்டல்களிலும் ஆள் எடுக்கிறார்கள், நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. லயத்திலிருந்து ஏழு பெண்கள் அப்பாவிடம் வந்து, “உங்க பாப்பாவ எங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்க” என்று கேட்டார்கள். கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகை சும்மாதான் கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் அங்கே வகுப்பு. ஒரு நாளைக்கு ஒரு வினைச்சொல் என்று வைத்துக்கொண்டேன். கம், கோ, பிரிங், வாஷ். பொறுமை என்பது எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. என் அம்மா வயதுள்ளவர்களைக்கூட, “மண்டைல என்ன களிமண்ணா?” என்று திட்டியிருக்கிறேன். அவர்கள் சிரிப்பார்கள். மேஸ்திரியிடம் வாங்காத திட்டா என்பார்கள்.

அந்த ஏழு பேரில் ஒரு அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தியா வந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். மற்றவர்கள் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மட்டும் டீச்சர் என்பாள். சிலேட்டில் எழுதியதை அழிக்கும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அழிப்பாள்.

அவள் இங்கிலீஷ் கற்க வந்ததற்குக் காரணம் அவள் மகள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். கீழே சமவெளியில் நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவர் லயத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். மூன்று வருஷம் மில்லில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்குத் தொகையாகக் கிடைக்கும் என்று அவர் சொல்ல, அக்காவின் புருஷன் தலையாட்டிவிட்டார். வீட்டில் யாருக்கும் வேலை இல்லை, வேறென்ன செய்வார்? “பரீட்ச முடியுற வரைக்கும் பொறுக்கேன், அதுக்குள்ள ஒனக்கு ஒரு வேல கெடைச்சா புள்ள இங்கனயே படிக்கட்டும்னு சொல்லிட்டாரு டீச்சர்” என்று என்னிடம் சொன்னாள். “வேல கெடைக்கலேன்னா வேன்ல ஏத்திருவாரு. என்னால தடுக்க ஏலாது.”

‘வெயிட்’ பாடம் ஒரு மழை நாளில் நடந்தது. தகரத்தில் மழை அடித்ததால் கத்திக் கத்திச் சொன்னேன். கொழுந்து நிறுக்கிற வெயிட் வேறு, இது வேறு என்று முதலிலேயே சொல்லி அந்தச் சிரிப்பை முடித்துவிட்டேன். காத்திருத்தல் என்று அர்த்தம் சொன்னேன். அவர்கள் முழித்தார்கள். லயத்தில் யார் காத்திருத்தல் என்று பேசுகிறார்கள்? பிறகு, “நில்லு, இரு, பொறு, எல்லாத்துக்கும் இதுதான்” என்றேன். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். ஒருத்தி, “ஐ வெயிட் பஸ்” என்றாள். நடுவில் ‘ஃபார்’ போட வேண்டும், ஆளுக்கோ பொருளுக்கோ காத்திருந்தால் ‘வெயிட் ஃபார்’தான் என்று திருத்தினேன். முடிந்து போனதென்றால் ‘வெயிட்டட்’. இன்னும் நடந்துகொண்டிருந்தால் ‘வெயிட்டிங்’. அந்த ‘வெயிட்டட்’ மட்டும் அக்காவுக்கு வரவே இல்லை. கடைசி எழுத்தை விழுங்கி விழுங்கிச் சொன்னாள். நானும் விடாமல் இருபது தடவை சொல்ல வைத்தேன்.

“பொறுத்தார் பூமி ஆள்வார்னு கேட்டிருக்கீங்கல்ல, அந்தப் பொறுக்கிறதும் வெயிட்தான்” என்று பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன். ஒரு அம்மா சட்டென்று, “நாங்களும் மூணு தலமொறையா பொறுத்துட்டோம் பாப்பா, லயத்துக்குக் கூரைகூட ஆளல” என்றாள். கொட்டகையே சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “எத்தன நேரம் டீச்சர்?” என்றாள்.

“எது?”

“வெயிட்டுன்னு சொன்னா எத்தன நேரம் நிக்கணும்? அது அந்த வார்த்தையில இருக்கா?”

எனக்கு எரிச்சல் வந்தது. இப்படி ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையில் கேட்டிருக்கிறார்கள்? “நிக்கச் சொன்னவங்க வர்ற வரைக்கும்” என்றேன் வெடுக்கென்று.

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். “எங்க தோட்டத்துலயும் அப்படித்தான் டீச்சர்” என்று ஒரு கதை சொன்னாள். சிலோனில் அவள் அப்பா இன்னும் சில பேரோடு வேலை கேட்டுத் துரை பங்களாவின் பின்வாசலுக்குப் போயிருக்கிறார். நில்லுங்க என்று சொல்லிவிட்டுத் துரை காரில் எங்கோ போய்விட்டார். பொழுது சாய்கிறவரை வரவில்லை. பசி தாங்காமல் போனவர்களுக்கெல்லாம் பேர் வெட்டிவிட்டார்களாம். அப்படியே நின்றவர் அவள் அப்பா ஒருவர்தான், அவருக்குத்தான் பேர் பதிந்து வேலை கொடுத்தார்கள். “போன்னு சொல்லாம போனா பேரு வெட்டிருவாக. அத எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லும்.” அவர்கள் வீட்டில் அது வேதவாக்கு. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

பரீட்சை முடிந்தது. ஏஜென்ட் அடுத்த சனிக்கிழமை வேன் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே வாரம் ஊட்டியில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டல் ஆயா வேலைக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வடக்கத்திப் பிள்ளைகள் படிக்கிற இடம், கொஞ்சம் இங்கிலீஷ் புரிந்தால் நல்லது. எனக்குக் கை பரபரத்தது. இது அக்காவுக்கென்றே வந்த வேலை என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன், வார்டனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “டீச்சர் வாறதுன்னா எனக்குப் பயமில்ல” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை நடுவட்டத்தில் பஸ் ஏறினோம். யாரிடமோ இரவல் வாங்கிய நீலச் சேலை கட்டியிருந்தாள். மஞ்சள் பையில் ரேஷன் கார்டு. வழியெல்லாம், “குட் மார்னிங் மேடம், ஐ கேன் வாஷ், ஐ கேன் கிளீன்” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஊட்டியில் இறங்கி ஏற்றத்தில் நடந்து கேட்டுக்கு வந்தபோது பத்தரை மணி.

அந்த கேட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே மழித்த மாதிரிப் புல்வெளி, பூச்செடி, கார்கள். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். சேலைக்குக் கீழே ரப்பர் செருப்பு, கால் விரல்களில் தேயிலைக் கறை. ஐயோ, இவளோடா உள்ளே போவது என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, அதை மறைத்து என்ன பயன்? முதலில் நான் போய்ப் பேசுகிறேன் என்று முடிவு செய்தேன். வாட்ச்மேன் காதில் விழட்டும் என்று இங்கிலீஷிலேயே, “அக்கா, ப்ளீஸ் வெயிட் ஹியர்” என்றேன். “நான் உள்ள போய்ச் சொல்லிட்டு வந்து கூட்டிட்டுப் போறனுங்க.”

அவள் முகமெல்லாம் சிரிப்பாக, “ஐ வில் வெயிட், டீச்சர்” என்றாள். போய் சைப்ரஸ் மரத்தடியில் நின்றாள்.

ஆபீஸில் ஒரு அம்மாள் காகிதக் குவியலுக்கு நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைப்பிஸ்ட் பிரசவத்துக்குப் போய்விட்டாளாம். நான் பேசிய இங்கிலீஷைக் கேட்டுவிட்டு, “டைப்பிங் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். “உட்காருங்க, இந்த லெட்டர அடிச்சுக் காட்டுங்க.” மேசை ஜன்னலுக்கு எதிரே இருந்தது.

ஒரு கடிதம் அடித்தேன். இன்னொன்று கொடுத்தார். வெளியில் ஒருவர் நிற்கிறார், ஒரு நிமிஷம் போய்விட்டு வருகிறேன் என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் எழுந்து போனால் இந்த நாற்காலி எனக்குக் கிடைக்குமா என்று ஒரு எண்ணம். அப்பாவுக்குச் சம்பளம் வந்து நாலு மாசமாகியிருந்தது. இந்தப் பக்கம் முடியட்டும் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு மணி அடித்தது. மேகம் கலைந்தபோது மரத்தடியில் அக்கா தெரிந்தாள். பார்த்தேன். அடுத்த காகிதத்தைச் செருகினேன்.

பன்னிரண்டு மணிக்குத் தூறல். அப்போதும் நின்றாள். எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது, அந்த அநியாயத்தைக் கேளுங்கள். கால் இல்லையா இவளுக்கு? வாய் இல்லையா? வாட்ச்மேனிடம் கேட்டு உள்ளே வர வேண்டியதுதானே, எதற்கு மரம் மாதிரி நிற்கிறாள் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே டைப் அடித்தேன். மத்தியானம் பிரின்சிபால் வந்து பார்த்துவிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். பன்னும் டீயும் வந்தது. டீயைக் குடித்தேன், பன்னையும் தின்றேன். வெளியே வந்தபோது மூன்றரை மணி.

அவள் உதடு கறுத்துப்போயிருந்தது. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. ரேஷன் கார்டு நனையாமல் இருக்கப் பையைச் சுருட்டி மாராப்புக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“ஐ வெயிட்டட், டீச்சர்.”

கடைசி எழுத்தை விழுங்காமல் சொன்னாள். முதல் தடவையாக.

வாட்ச்மேன் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்கம்மா, நானும் பத்து வாட்டி சொல்லிப்போட்டேன், ஆளெடுக்கறாங்க உள்ள போம்மான்னு. டீச்சர் நிக்கச் சொன்னாங்கன்னு ஒரே புடியா நிக்குதுங்க இந்தம்மா. டீ குடிக்கக்கூட நகரலீங்க” என்றார்.

அவளை இழுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு ஓடினேன். வார்டன் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கே ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்.

“மறந்துட்டேனுங்கக்கா” என்றேன். அப்போது அவளிடம் சொன்னேன், பிறகு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு நொடிகூட மறக்கவில்லை என்பதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

திரும்பும் பஸ்ஸில் பைக்காரா தாண்டும்வரை அவள் சேலை நுனியைப் பிழிந்துகொண்டே வந்தாள். பிறகு, “உள்ள என்ன செஞ்சீக டீச்சர்?” என்று கேட்டாள்.

“டைப் அடிக்கச் சொன்னாங்க.”

“சன்னல் பக்கமா ஒக்காந்தா?”

“ஞாபகமில்லீங்க.”

“வேல குடுத்தாகளா?”

“ம்.”

“நல்லா இருங்க” என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டே இருக்கிறேன். அகப்படவில்லை. என்னைச் சபித்திருந்தால், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று பஸ்ஸிலேயே முடியைப் பிடித்து உலுக்கியிருந்தால், அங்கேயே அழுது தீர்த்திருப்பேன்.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. நான் போகவில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜன்னலில் நின்று பார்க்கத்தான் எனக்கு நன்றாக வருமே. அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு ஏறினாள். பிள்ளைகள் சுற்றுலா போகிற மாதிரி கையாட்டினாள். வேன் வளைவில் மறைந்த பிறகும் அக்கா ரோட்டோரமாக நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. “கண்ணு, பால் பொங்குது பாரு” என்று அம்மா கத்தியதும் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். சில மாதங்களில் அக்கா குடும்பம் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போனது. எங்கே என்று அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கப் பயமாக இருந்தது.

அந்த நாற்காலியில்தான் இன்னும் இருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஹாஸ்டலுக்கு மறுபடி ஆயா எடுத்தார்கள். பெயர் பதிவு என் மேசையில். மூடுபனி கேட்டை முழுக்க மறைத்திருந்த ஒரு காலை. முப்பதைத் தாண்டிய ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். படிவத்தைப் பிடித்த இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “மில்லுல போனதுங்க” என்றாள். அதன் பிறகு, “டீச்சருங்களா?” என்றாள்.

இந்தப் பள்ளியில் என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை.  அக்காவின் முகவாய் அப்படியே இருந்தது, யாரென்று தெரிந்துவிட்டது.

“அம்மா எப்படி இருக்காங்க?”

“அம்மா போயி ஆறு வருசமாச்சுங்க.”

போன வாரம்கூட மரத்தடியில் பார்த்தேனே என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்று, “என்னைப் பத்திச் சொல்லுவாங்களா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“சொல்லுமுங்க. டீச்சர் நல்லா சொல்லிக்குடுப்பாங்கன்னு சொல்லும். இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எனக்கும் சொல்லித்தந்துச்சு.” அவள் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என் நாற்காலியைப் பார்த்தாள். “ஒண்ணு மட்டும் சொல்லுமுங்க. எங்கயாச்சும் அந்த டீச்சரப் பாத்து, அவங்க வெயிட்டுன்னு சொன்னா நிக்காத. சன்னல்ல ஒக்காந்து பாத்துட்டே இருப்பாங்க, வர மாட்டாங்கன்னு.”

அவள் குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். பார்த்துக்கொண்டே மூன்றரை மணிவரை நின்றிருக்கிறாள். தெரிந்தேதான் பஸ்ஸில் கேட்டிருக்கிறாள்.

நான் எழுந்தேன்.  வரிசையில் இருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்க்கட்டும். “வா” என்று அவளைக் கூட்டிக்கொண்டு நேராக ஹாஸ்டலுக்கு நடந்தேன். வார்டன் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளங்கையைக் காட்டி, “ப்ளீஸ் வெயிட்” என்றார்.

நான் வாசற்படியில் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வார்டனின் மேசைக்கு முன்னால் நின்று, “குட் மார்னிங் மேடம்” என்றாள்.